ஜினெட் வெலெட்டின் பத்துத் தேர்தல்கள்

ஜினெட் வெலெட் பத்துத் தடவை தேர்தலில் நின்றாள். மூன்று தடவை தோற்றாள். பத்துக் கணக்கையும் என் கையால் எழுதி முத்திரை வைத்தவன் நான்தான். ஆர்ச்சர் ஃபால்ஸ் ஊருக்கு முப்பது வருஷம் எழுத்தராக இருந்தேன். ஓட்டுப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதும் என் வேலை. யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்று என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

ஜினெட் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். எங்கள் ஊர் ஆற்றுப்பாலம் அப்போது பழுதாகி, ஐந்து டன்னுக்கு மேல் எந்த வண்டியும் போகக் கூடாது என்று மாநிலம் பலகை நட்டுவிட்டது. பஸ்ஸில் பிள்ளைகள் இருந்தால் எடை மிஞ்சும். ஆகவே தினமும் காலையில் பாலத்துக்கு இந்தப் பக்கம் முப்பது பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, அவர்களை நடக்கவிட்டு, காலி பஸ்ஸைப் பின்னாலேயே மெல்ல ஓட்டிப் போய், அந்தப் பக்கம் மறுபடி ஏற்றிக்கொள்வாள். ஜனவரிக் குளிரிலும் அதேதான். எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் வடக்கு மூலையில் ஜனவரி என்றால் மூக்குமயிர் உறையும்.

இரண்டு வருஷம் அவள் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் பிரெஸ்காட் ஹேலுக்குக் கடிதம் எழுதினாள். அவருக்கு மரம் அறுக்கும் ஆலை சொந்தம். பதினான்கு வருஷமாக அந்த நாற்காலியில் இருந்தார். ஒருநாள் கடைத்தெருவில் அவரை மறித்துக் கேட்டாள். அவர் சிரித்தார்.

"உங்களுக்கு அவ்வளவு அக்கறைன்னா நீங்களே நிக்க வேண்டியதுதானே, மேடம்?"

மறுநாள் காலை பஸ்ஸை என் அலுவலக வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"ஆர்மான், அந்தப் படிவத்தைக் குடு."

"எந்தப் படிவம்?"

"அந்த ஆளு என்னை நிக்கச் சொல்லியிருக்காரு. பெரியவங்க சொன்னா கேக்கணும்ல?"

மனுத்தாக்கலுக்கு இரண்டு டாலர். மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அது 1998. அவளுக்கு நாற்பத்தேழு வயது.

இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றாள். 2000-இல் ஒன்பது ஓட்டில் தோற்றாள். அந்த ராத்திரி முடிவை வாசித்ததும் ஹேல் முகத்தில் ஈயாடவில்லை. தோற்றவள்தான் சிரித்துக்கொண்டு வெளியே போனாள். 2002-இல் எண்பத்தெட்டு ஓட்டில் ஜெயித்தாள். மூன்று வருஷத்தில் புதுப்பாலம் வந்தது.

எங்கள் மாநிலத்தில் உறுப்பினருக்குச் சம்பளம் வருஷத்துக்கு நூறு டாலர். தலைநகர் கான்கார்ட் இரண்டரை மணி நேரப் பயணம். காலை பஸ் சுற்றை முடித்துவிட்டு அவள் கிளம்புவாள். சனிக்கிழமைகளில் ஊர்க் குப்பைக் கிடங்கில் நிற்பாள். எங்கள் ஊரில் குப்பை எடுக்க யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள். எல்லாரும் அங்கேதான் கொண்டுவந்து கொட்ட வேண்டும். ஆகையால் ஓட்டுக் கேட்கவும் குறை சொல்லவும் அதைவிட நல்ல இடம் கிடையாது. அவள் கணவன் லியோ காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேச்சுக் குறைவு. அவள் ஊரில் இல்லாத நாட்களில் பட்டாணி சூப் வைத்து அடுப்பின்மேல் மூடி வைத்திருப்பான்.

இப்படியே நான்கு தேர்தல் ஜெயித்தாள். 2010 வசந்தத்தில்தான் வினை வந்தது.

செலவைக் குறைக்க வடக்கே இருந்த ஒரே பனி வழிக்கும் வண்டி நிலையத்தை மூடுவது என்று ஒரு மசோதா வந்தது. கொண்டுவந்தது அவளுடைய கட்சியே. எங்கள் ஊரிலிருந்து வெளியே போகும் மலைக் கணவாய்ச் சாலையில் பனி வழிக்காவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. அவையில் கட்சிக்குத் தலைவராக இருந்தவர் வார்ன் கிட்ரிட்ஜ். தெற்கே பெரிய ஊர்க்காரர், வழுக்கைத் தலை, மென்மையான குரல். அவர் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போய்ப் பேசியதை அவளே எனக்கு நடித்துக் காட்டினாள்.

"ஜினெட், கட்சி உங்களுக்கு எவ்வளவோ செஞ்சிருக்கு."

"கட்சி எங்க கணவாயில ஒரு நாளாவது பனி வழிச்சிருக்கா?"

"ஒரே ஒரு ஓட்டுதான் கேக்கறேன்."

"என்கிட்ட இருக்கிறதே அந்த ஒண்ணுதான்யா."

எதிர்த்து ஓட்டுப் போட்டாள். இரண்டு ஓட்டில் மசோதா தோற்றது. ஒரு வாரத்துக்குள் அவளைச் சாலைக் குழுவிலிருந்து தூக்கினார்கள். கோடையில் டாட் மெரில் என்ற காப்பீட்டு முகவரை அவளுக்கு எதிராகக் கட்சியே இறக்கிவிட்டது. செப்டம்பரில் கட்சி வேட்பாளர் யார் என்று தீர்மானிக்கும் முன்தேர்தலில் முப்பத்தொரு ஓட்டில் அவள் தோற்றாள். இனி நவம்பரில் நடக்கும் பொதுத்தேர்தல் வாக்குச்சீட்டில் அவள் பெயர் அச்சாகாது.

ஆனால் சீட்டின் அடியில் ஒரு வெற்றுக் கோடு உண்டு. அச்சில் இல்லாத பெயரை ஓட்டுப் போடுகிறவர் அங்கே கையால் எழுதினால் அதுவும் செல்லும்.

இங்கேதான் சிக்கல். வெலெட் என்பது பிரெஞ்சுக் குடும்பப் பெயர். சொல்லும்போது இரண்டு அசை. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒன்பது எழுத்து. சொல்வதற்கும் எழுதுவதற்கும் சம்பந்தமே கிடையாது, 'ஓ'வில் தொடங்கும். மெரில் குப்பைக் கிடங்குக்கே வந்து அவளைச் சீண்டினான்.

"ஏம்மா, உங்க பேரை எழுதறதுக்குள்ள ஓட்டுச்சாவடியை மூடிருவாங்களே?"

"உன் பேரு சின்னதுதான் தம்பி. மறக்கறதுக்கும் அதுதான் வசதி."

அட்டையில் ஒன்பது எழுத்தையும் முழ உயரத்துக்கு எழுதி, சனிக்கிழமை தோறும் கிடங்கு வாசலில் நின்றாள். குப்பை கொட்ட வருகிறவர்களை எழுத்துக்கூட்டச் சொன்னாள். தப்பாகச் சொன்னவர்களை, பஸ்ஸில் பிள்ளைகளை மிரட்டுவதுபோல, "போ, வரிசைக் கடைசிக்குப் போ" என்று திருப்பி அனுப்பினாள். மூத்த விறகு வியாபாரிகளெல்லாம் முனகிக்கொண்டே திரும்பிப் போய் நின்றார்கள்.

நவம்பரில் நான் எண்ணி முடித்தபோது மெரிலுக்கு எண்ணூற்றுப் பதினொன்று. ஜினெட்டுக்கு எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டு. கேள்விக்குரிய சீட்டுகள் இருபத்துமூன்று. அவள் மறு எண்ணிக்கை கேட்டாள்.

கான்கார்டில் நீள மேஜை. ஒரு பக்கம் ஜினெட்டும் லியோவும், எதிரே மெரிலும் அவன் வக்கீலும். தேர்தல் அதிகாரி ஒவ்வொரு சீட்டாக உயர்த்திக் காட்டினார். பன்னிரண்டு சீட்டில் எழுத்துப் பிழை. ஒன்றில் எல் மூன்று, இன்னொன்றில் டி ஒன்றுதான். காதில் விழுந்தபடி எழுதியவர்களும் உண்டு. வக்கீல் எதிர்த்துப் பார்த்தார். அதிகாரி, "யாரைச் சொல்றாங்கன்னு தெரியுது" என்று பன்னிரண்டையும் ஏற்றுக்கொண்டார். எண்ணூற்றுப் பத்து.

மீதிப் பதினொன்றில் பத்துச் சீட்டில் 'பஸ் ஓட்டுறவங்க' என்று மட்டும் எழுதியிருந்தது.

வக்கீல் எழுந்தார். "அந்த ஊர்ல நாலு பேரு பஸ் ஓட்டறாங்க. இதுல யாரைச் சொல்றாங்க?"

"மத்த மூணு பேரும் தேர்தல்ல நிக்கலையே!" என்றாள் ஜினெட்.

"கையால பேரை எழுத, அந்த ஆளு தேர்தல்ல நிக்கணும்னு சட்டம் இல்லை, மேடம்."

அது உண்மைதான். பத்தும் செல்லாது என்றார் அதிகாரி. கடைசிச் சீட்டை எடுத்தார். பார்த்தார்.

"'என் பெண்டாட்டி'ன்னு எழுதியிருக்கு."

அறையே சிரித்தது. மெரில்கூடச் சிரித்தான். லியோ மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதுவும் செல்லாது. ஒரே ஓட்டில் ஜினெட் தோற்றாள்.

ஊருக்குத் திரும்பும்போது காரை நான்தான் ஓட்டினேன். இருபது மைல் தாண்டினோம்.

"லியோ," என்றாள் அவள்.

"ரகசிய வாக்கு," என்றான் லியோ.

"லியோ!"

"எல்லாருக்கும் புரியும்னு நெனச்சேன். இந்த நாப்பது வருஷத்துல வேற யாரையாவது அப்படிச் சொல்லியிருக்கேனா?"

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து வண்டியின் வேகத்தைக் குறைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீரும் இருந்தது. பிறகு துடைத்துக்கொண்டு, "ஒரு ஓட்டு! அவனை ஒரு ஓட்டுலதான் உக்கார வச்சிருக்கோம். நல்லா உக்காரட்டும்" என்றாள்.

பிப்ரவரியில் அதே மசோதா மறுபடி வந்தது. எங்கள் மாநிலத்தில் எந்த மசோதாவுக்கும் பொது விசாரணை உண்டு. யார் வேண்டுமானாலும் போய் மூன்று நிமிஷம் பேசலாம். ஜினெட் தேவாலயத்தின் பழைய பஸ்ஸைக் கேட்டு வாங்கினாள். முப்பத்தேழு பேரை ஏற்றிக்கொண்டு, கொட்டும் பனியில், வழித்த சாலை வழியாகத் தானே ஓட்டிப் போனாள். நானும் போனேன்.

விசாரணைக்குத் தலைமை கிட்ரிட்ஜ். அவளைக் கண்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"திருமதி வெலெட், நீங்க இப்ப உறுப்பினர் இல்லை."

"தெரியும்யா. அதான் வரிசையில நின்னு வந்திருக்கேன்."

"மூணு நிமிஷம்தான்."

"இந்தச் சாலை மூடினா எங்க ஊர்ல பிரசவ வலி வந்தவளுக்கு அதுகூடக் கிடைக்காது. பதவியில இருந்தப்பவே உங்களுக்குப் பயப்படலை. பதவியையும் பிடுங்கிட்டீங்க. இனி எதைக் காட்டிப் பயமுறுத்துவீங்க? எனக்குப் பின்னால முப்பத்தேழு பேரு நிக்கறாங்க. ஆளுக்கு மூணு நிமிஷம். இன்னிக்கு நீங்க சாப்பிட்ட மாதிரிதான்."

முப்பத்தேழு பேரும் பேசினார்கள். சிலருக்கு மூன்று நிமிஷத்தில் பேச ஒன்றும் இருக்கவில்லை; பெயரைச் சொல்லிவிட்டு மீதி நேரம் சும்மா நின்றார்கள். கிட்ரிட்ஜால் அவர்களை உட்காரச் சொல்ல முடியவில்லை, நேரம் அவர்களுடையது. ஐந்தாவது ஆளாக எழுந்த லியோ மூன்று நிமிஷமும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். மசோதா அந்தக் குழுவைத் தாண்டவில்லை. அந்தக் குழுவில் இருந்த மெரில் மசோதாவுக்கு ஆதரவாகக் கை தூக்கியதை எங்கள் ஊர்ப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது.

2012-இல் அவள் எந்தக் கட்சியும் இல்லாமல் நின்றாள். அப்படி நிற்க நூற்றைம்பது பேர் கையெழுத்து வேண்டும். நானூறு கொண்டுவந்தாள். முதல் கையெழுத்து லியோவுடையது, முழுப்பெயரும் அழுத்தி எழுதியிருந்தது. இந்தத் தடவை அவள் பெயர் சீட்டில் அச்சாகி வந்தது. மெரிலை முந்நூற்று நாற்பது ஓட்டில் தோற்கடித்தாள்.

பதவியேற்பதற்கு முந்தைய வாரம் அவள் என் அலுவலகத்தில் ஏதோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தேடி தொலைபேசி வந்தது. கிட்ரிட்ஜ். அவையில் இரண்டு கட்சிக்கும் கிட்டத்தட்டச் சமபலம். ஒவ்வொரு தலையும் வேண்டியிருந்தது. ரிசீவரிலிருந்து அந்த மென்மையான குரல் எனக்கும் கேட்டது.

"பழசையெல்லாம் மறந்துருவோம், ஜினெட். கட்சிக் கதவு உங்களுக்கு எப்பவும் திறந்தே இருக்கு."

"சாத்துங்கய்யா," என்றாள் அவள். "குளிரடிக்குது."

அப்படியே, கட்சி இல்லாமலே, இன்னும் இரண்டு தேர்தலில் நின்று ஜெயித்தாள். அறுபத்தேழாவது வயதில் தானாக விலகினாள். பனி வழிக்கும் நிலையம் இன்றும் இருக்கிறது. இன்று காலையில்கூட ஆரஞ்சு நிற வண்டி ஒன்று என் வீட்டு வாசலில் பனியைக் குவித்துவிட்டுப் போயிற்று.