யாவே, கியாவே, சாவி

என் கணவர் கப்பலில் எஞ்சினியராக இருந்தவர். தூத்துக்குடிக்காரர். ஓய்வு பெற்ற பிறகு செம்பூரில் எங்கள் ஃப்ளாட்டின் குழாய், மின்விசிறி எல்லாவற்றையும் தானே கழற்றி மாட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்தார். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தார், வலது கை வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது மெல்ல நடக்க முடிந்தது. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும், பதில்தான் வராது. வாயைத் திறந்து சற்று நேரம் தேடுவார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க முலுண்டிலிருந்து ஒரு மராத்திப் பெண் வந்தாள். கரண்டி, சீப்பு, சாவி என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். முதல் இரண்டுக்கும் மௌனம். சாவியைப் பார்த்ததும் அவர் தெளிவாகச் சொன்னார்:

"யாவே."

ஏதோ உளறுகிறார் என்று நினைத்து அவள் அடுத்த பொருளை எடுக்கப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, அது ஸ்பானிஷ் என்று இந்தியில் சொன்னேன்.

அந்தக் கதை எனக்கு மனப்பாடம். யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்வார். நான் காபி போடும் சாக்கில் எழுந்துவிடுவேன். முதல் கப்பலில் ஒரு ஸ்பெயின்காரர் 'யாவே' கேட்டாராம். அந்தச் சொல்லுக்குச் சாவி என்று மட்டும் தெரிந்துவைத்திருந்த இவர், அறைச் சாவியைக் கொண்டுபோய் நீட்டியிருக்கிறார். அவர் கேட்டது ஸ்பானர். ஸ்பானிஷில் இரண்டுக்கும் அதே சொல், தண்ணீர்க் குழாய்க்கும் அதேதான். இத்தாலியர் கியாவே என்பார்கள், பிரெஞ்சுக்காரர் க்ளே, போர்த்துக்கீசியர் ஷாவ். எல்லாமே க்ளாவிஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. போர்த்துக்கீசியர் அதை நம் கரையில் கொண்டுவந்து இறக்க, தமிழில் சாவி ஆயிற்று. இந்தியில் ச்சாபி, மராத்தியில் ச்சாவி.

அந்தப் பெண் கேட்டுவிட்டுச் சிரித்தாள். எந்த மொழியில் வந்தாலும் வரட்டும், வருவதைப் பிடித்துக்கொள்வோம் என்றாள். அவருடைய ஸ்பானரை எடுத்து இடது கையில் கொடுத்தோம். யாவே வந்தது. சில நாட்களில் கியாவே வந்தது. தமிழ்ச் சொல் மட்டும் உதட்டுவரை வந்து நின்றுவிடும்.

ஒரு மத்தியானம் குளியலறையிலிருந்து "யாவே" என்று சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தால் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடினேன். இத்தனை நாளில் யாரும் கேட்காமல் அவராகவே ஒன்றைச் சொல்லி, அது எனக்கு உடனே புரிந்தது அதுதான் முதல் தடவை. அன்று ஒழுங்காகச் சாப்பிட்டார்.

பிறகு ஒருநாள் டாக்டரிடம் போகக் கிளம்பினோம். நான் கதவை இழுத்துச் சாத்தினேன். அது தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு.

"சாவி," என்றார் அவர்.

சாவி உள்ளே இருந்தது.

"சாத்துறதுக்கு முந்தி சொல்லக் கூடாதா?" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். தெருமுனையில் சாவி செய்பவர் வரும்வரை இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டு அம்மா டீ கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது அரை வாக்கியம் வருகிறது. வினைச்சொல்லை நான்தான் போட்டுக்கொள்ள வேண்டும். தப்பாகப் போட்டால் தலையாட்டி மறுக்கிறார், சரியானது வரும்வரை விடுவதில்லை.