அழிக்கக் கொடுத்த கேசட்

அண்ணன் அனுப்பிய கேசட் என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அதைப் போட்டுக் கேட்க வீட்டில் டேப் ரிக்கார்டர் இல்லை. கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் மகன், "இனிமே கேசட்டு, சிடி எதுவும் இருக்காதும்மா. எல்லாம் எங்கயாவது சர்வர்ல பத்திரமா இருக்கும்" என்கிறான். அந்த 'எங்கயாவது'தான் எனக்கு ஒத்துவரவில்லை. எங்கோ இருப்பதை யாரோ அழித்துவிட்டால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. கையில் இருப்பதை அழிக்க வேண்டுமென்றால் ஒருவர் அதை நம்மிடமிருந்து வாங்கியாக வேண்டும். தர மாட்டேன் என்று சொல்லலாம். நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். வளைகுடாவுக்குக் கட்டட வேலைக்குப் போன அண்ணனுக்குக் கடிதம் எழுத வராது. பேசிப் பதிந்து, லீவில் ஊர் வருகிறவர்களிடம் கேசட்டைக் கொடுத்தனுப்புவான். கடைசியாக வந்ததில் அண்ணியைப் பற்றி அப்பாவிடம், "நைனா, அவ நல்லா படிச்சவ. டீச்சர் டிரெய்னிங்குக்கு எழுதிப் போடச் சொல்லு. சீட்டு வந்தா அனுப்பி வையி. நான் வர்ற வரைக்கும் காத்துக்கினு இருக்க வாணாம்" என்றிருந்தான். நைனாவும் கேட்டுத் தலையாட்டினார். அடுத்த மாதமே அண்ணன் சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனான்.

காரியம் முடிந்த சில வாரங்களில், காஞ்சிபுரத்தில் அண்ணிக்கு டீச்சர் டிரெய்னிங் இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது.

"புருசன் செத்து மூணு மாசம் ஆவல. பஸ் ஏறிப் படிக்கப் போனா ஊரு இன்னா பேசும்?" என்றார் நைனா.

"அவரு சொன்னாரே மாமா."

"அவன் அப்பிடி ஒண்ணும் சொல்லல."

"கேசட்ல கீது மாமா" என்றாள் அண்ணி.

மறுநாள் காலை நைனா அந்தக் கேசட்டை என்னிடம் நீட்டினார். உத்திரமேரூர் பஜாரில் பாட்டுப் பதிந்து தரும் கடையில் கொடுத்து, அதன்மேல் அம்மன் பாட்டு ஏற்றி வரச் சொன்னார். "செத்தவன் குரல வூட்ல வெச்சிக்கினு எத்தினி நாளு அழுவறது?" அவர் கண் கலங்கியிருந்தது. அதுவும் பொய்யில்லை. எனக்குப் பதினேழு வயது. அவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாததால் வாங்கிக்கொண்டு போனேன்.

கடைக்கார பாய் கேசட்டைத் திருப்பிப் பார்த்தார். விளிம்பில் இருக்க வேண்டிய இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகளும் உடைந்திருந்தன. "யாரோ ஒடச்சி வுட்டுக்கிறாங்கம்மா. இது இல்லன்னா மேல பதியாது. ஓட்டைய ஒட்டி மூடிட்டா பதிஞ்சிடும். ஒட்டட்டா?"

உடைத்தது அண்ணிதான் என்று உடனே புரிந்தது. அவளால் முடிந்தது அவ்வளவுதான். ஒட்டுவதா வேண்டாமா என்பதை இனி நான்தான் சொல்ல வேண்டும்.

"வாணாம் பாய். குடுங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும், "ஏத்தல நைனா. ஏத்த மாட்டேன்" என்றேன். அண்ணி அடுப்படியிலிருந்து வந்து, கேசட்டை வாங்கி டேப் ரிக்கார்டரில் போட்டாள். அண்ணன் பேசினான். "நிறுத்து" என்றார் நைனா. அவள் நிறுத்தவில்லை.

"முழுசா கேளுங்க மாமா."

படிப்பைப் பற்றி அண்ணன் சொன்ன இடம் வந்தபோது நைனா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதன்பிறகு அவர் போகாதே என்று சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அண்ணி காஞ்சிபுரம் பஸ் ஏறினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கூடப் போனேன். ஊர் பேசத்தான் செய்தது. பேசியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அவள்தான் பின்னாளில் கைபிடித்து 'அ' எழுத வைத்தாள்.