கடைசி அத்தியாயத்தில் உப்பு

ராஜதாஸ் சாருக்குப் பிடித்த புத்தகம் ஏதாவது உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். காரோடு ஊரில் எங்கள் வாசகசாலைக்கு நான் நூலகராக வந்த நாள் முதல், மாதக் கடைசி ஞாயிறு நடக்கும் புத்தகக் கூட்டத்தில் அவர் ஒரு புத்தகத்தையும் உயிரோடு விட்டதில்லை. கூட்டுறவு சங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டியோடு எழுந்து தொண்டையைச் செருமுவார். அப்போதே பின்வரிசை சிரிக்கத் தொடங்கிவிடும்.

எல்லா வகையும் வாசிப்பார், எல்லாவற்றையும் திட்டுவார். துப்பறியும் நாவலைப் பற்றி, "மூணாவது பக்கத்திலயே கொலகாரனெ நான் பிடிச்சாச்சு. போலீசுக்கு முந்நூறு பக்கம் வேண்டியிருக்கு" என்றார். பயணப் புத்தகத்துக்கு, "இமயமலைக்குப் போனவரு மலையெ காணல்ல. மலைக்க முன்னால நிண்ணு தன்னெ தான் கண்டாரு." சமையல் புத்தகம் எழுதிய அம்மாவுக்கு, அதிலுள்ளதை வைத்தே ஒரு நாள் சாப்பாடு போட வேண்டும், அதுதான் சரியான தண்டனை என்றார். வரலாற்றுப் புத்தகத்தில் பாதி கல்வெட்டு, பாதி எழுதினவருடைய அப்பாவின் பெருமை. கல்வெட்டில்தான் கொஞ்சம் உயிர் இருக்கிறது என்றார்.

ஆட்கள் வந்ததே இதைக் கேட்கத்தான். எனக்கு அவரைச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனால் அவர் வராத மாதம் நாற்காலிகள் மட்டும்தான் உட்கார்ந்திருக்கும் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி சுகிர்தபாய் அக்கா கூட்டத்துக்கு வந்தால் ஓரமாக உட்காருவார். சபையில் மாதர் சங்கக் கூட்டங்களில் வேதம் வாசிப்பவர். தட்டாமல் தடுமாறாமல், மணி மணியாக வாசிப்பார். ஒரு மகளிர் தினத்தில், தான் வாசித்து அழுத ஒரு நாவலைப் பற்றிப் பேச எழுந்தார். இரண்டு வாக்கியம்தான் பேசியிருப்பார். பின்னாலிருந்து ராஜதாஸ் சார் குரல் கொடுத்தார்.

"அவளெ இருத்துங்க. மீன்கறியில உப்பு உண்டா இல்லியாண்ணு தெரியாதவ, புக்குக்கு ருசி சொல்ல வந்துட்டா."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சுகிர்தபாய் அக்கா பாதி வாக்கியத்தில் உட்கார்ந்தார். அந்த மீதி வாக்கியம் என்னவென்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருடமே சர்க்கரை நோய் ராஜதாஸ் சாருடைய இரண்டு கண்ணையும் கொண்டுபோனது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியும் வெளிச்சம் எது, நிழல் எது என்று தெரிகிற அளவுதான் மிஞ்சியது. வளைகுடாவிலிருக்கும் மகள், புத்தகத்தைத் தானே வாசித்துச் சொல்கிற போன் ஒன்று வாங்கி அனுப்பினாள். "ரேஷன் கடை மிசின் பேசுத மாதிரி இருக்கு" என்று இரண்டே நாளில் அதைத் தூக்கிப் போட்டார். தெரிந்தவர்கள் யாரும் வாசித்துக் காட்ட முன்வரவில்லை. ஊரில் அவர் வாயில் விழாத ஆள் ஒருவர் கூட மிச்சமில்லை. கடைசியில் சுகிர்தபாய் அக்காதான் புத்தகத்தைக் கையில் எடுத்தார்.

கூட்டத்துக்கு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார். கண் போனாலும் நாக்கு போகவில்லை. ஆனால் அவர் சொல்வதில் எங்கேயோ இடித்தது. ஒரு துப்பறியும் நாவலில் டாக்டர்தான் கொலைகாரன், அது முட்டாள்தனம் என்று கிழித்தார். நான் அதை வாசித்தவள். கொன்றது மைத்துனன். ஆட்டோ ஓட்டும் அஜீஷ், எங்களிடம் வாரம் இரண்டு புத்தகம் எடுப்பவன், "சாருக்கு மறதி வந்தாச்சு" என்று என் காதில் சொன்னான். அடுத்த மாதம் ஒரு பயணப் புத்தகம். அதை எழுதியவர் பாதி மலையில் பயந்து திரும்பிவிட்டார் என்று சார் பரிகாசம் செய்தார். அந்த மனிதர் உச்சியில் நின்று எடுத்த படம் அட்டையிலேயே இருந்தது.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது சுகிர்தபாய் அக்காவிடம் இதைப் பற்றிக் கேட்டேன்.

"கடைசியில சப்புண்ணு இருந்துச்சு குமாரி" என்றார். "நான் கொஞ்சம் உப்பு போட்டேன்."

முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எனக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண் தெரியாத மனுஷனை இப்படி ஏமாற்றலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். கண் தெரிந்தபோது அவர் செய்ததை நீங்கள் பார்க்கவில்லை.

இந்த ஜூனில் வாசிப்பு தினத்துக்கு ஒரு எழுத்தாளரை அழைத்தோம். களியக்காவிளையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மோகனன். ஒரு குடும்ப நாவல் எழுதியிருந்தார். அவர் முன்னாலேயே ராஜதாஸ் சார் அதைப் பற்றிப் பேசுவார் என்று நோட்டீசும் ஒட்டிவிட்டோம். இரண்டு நாள் முன்பு சுகிர்தபாய் அக்காவைப் பார்த்தேன்.

"இதிலயும் உப்பு உண்டா அக்கா?"

"இதுல தான் கூடுதல்."

"எழுதின ஆளு நேர்ல வருதாரு, தெரியுமா?"

"தெரியும்."

சாருக்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: எத்தனை வாசித்தாலும் வரி மறக்காத வாசகர் என்ற பெயர். அதுவும் அன்று போய்விடும் என்று எனக்குத் தெரியும். ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

அன்று மழை. ஆனாலும் இடமில்லாமல் வராந்தாவிலும் ஆள் நின்றார்கள். மோகனன் முன்வரிசையில் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். ராஜதாஸ் சார் மைக்கைத் தடவிப் பிடித்தார்.

"சிமெண்டு மூட்டை அடுக்குத மாதிரி வார்த்தையெ அடுக்கி வச்சிருக்காரு. வாசிச்சு முடியும்ப நமக்கு முதுகு வலிக்கும்" என்றார். சிரிப்பு. மோகனன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஒருநாளும் நடக்காதது நடந்தது. சாரின் குரல் தணிந்தது.

"ஆனா கடைசி அத்தியாயம் உண்டு பாருங்க. கெட்டினவனெ அடக்கம் செய்த மறுநாளு, அந்தப் பொம்பிளை தனக்குண்ணு மட்டும் மீன்கறி வைக்குதா. முப்பது வருசமா அவனுக்க நாக்குக்கு உப்பு போட்டவ, அண்ணைக்கு தனக்க நாக்குக்குப் போடுதா. ஒரு துண்டு வாயில வச்சிட்டு, அடுப்புக்க முன்னாலயே இருந்து திங்கா. அழல்ல. ஒரு வார்த்தை இல்ல. நான் வாசிச்சதில இது மாதிரி ஒரு முடிவு இல்ல. அந்தப் பக்கத்தெ எழுதின கையெ நான் கும்பிடுதேன்."

கும்பிடவும் செய்தார். கண்ணோரம் நனைந்திருந்தது. சுகிர்தபாய் அக்கா தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மோகனன் எழுந்தார். பாவம், பாராட்டை வாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றார். "சார், எனக்க நாவல்ல அப்படி ஒரு பொம்பிளையே இல்ல. கடைசியில வீட்டெ விக்குதாவ. அம்புட்டு தான்."

"நிங்க எழுதினது நிங்களுக்கே ஓர்மை இல்லியா?" என்று சார் சீறினார்.

அஜீஷ் மேசையிலிருந்த பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைச் சத்தமாக வாசித்தான். வீட்டுப் பத்திரம் எழுதுவதும் சாவியைக் கொடுப்பதும் இருந்தன. மீனும் இல்லை, உப்பும் இல்லை. வராந்தாவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், கூட்டம் முழுவதும் பிடித்துக்கொண்டது. அவரே பழக்கிவிட்ட சிரிப்பு அது.

சார் மைக்கை விட்டுவிட்டு, அக்கா உட்கார்ந்திருந்த பக்கமாக முகத்தைத் திருப்பினார். "சுகிர்தா?"

"உப்பு சரியா இருந்துச்சா?" என்று கேட்டார் அக்கா.

கத்திக் கேட்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. சார் அக்காவின் தோளைப் பிடித்துக்கொள்ளாமல் வாசல் வரைக்கும் போனார். படியில் கால் தடுமாறி, மழையில் நின்று, கையை முன்னால் நீட்டினார். அக்கா மெதுவாகத்தான் எழுந்து போனார்.

இப்போதும் அக்காதான் வாசிக்கிறார். வேறு வழியில்லை, அந்தப் போனை சார் மீண்டும் எடுத்துப் பார்த்தார், அவருக்கு வேண்டிய புத்தகம் ஒன்றும் அதில் இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும், "இது புக்கில உள்ளதா?" என்று கேட்கிறாராம். "உண்டு" என்பாராம் அக்கா. கேட்கிறார், நம்ப முடியவில்லை, மறுபடியும் கேட்கிறார். இதை அக்காவே என்னிடம் சொன்னார். சந்தோஷமாகச் சொன்னார்.

போன மாதக் கூட்டத்துக்கு ஆரியங்கோட்டு அங்கன்வாடி டீச்சர் சரோஜம் வந்திருந்தாள். அவளுடைய முதல் கவிதைப் புத்தகம். ராஜதாஸ் சாரைப் பேசச் சொன்னோம். அவர் எழுந்திருக்கவில்லை. "அவகிட்ட கேளுங்க" என்றார்.

சுகிர்தபாய் அக்கா எழுந்து தொண்டையைச் செருமினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"சரோஜம் நல்ல பிள்ளையாக்கும். குட்டியளுக்கு நல்லா உப்புமா கிண்டுவா" என்றார். "அந்த வேலையெ மட்டும் பாக்கட்டு."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நன்றி சொல்ல எழுந்திருந்த சரோஜம் அப்படியே உட்கார்ந்தாள்.

ராஜதாஸ் சார் மட்டும் சிரிக்கவில்லை. பாலில்லாத கட்டன் காப்பி கொடுக்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "குமாரி, நீ வாசிச்சியா? அந்தப் பிள்ளைக்க கவிதை உள்ளபடியே மோசமா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

வாசித்திருந்தேன். இரண்டு கவிதைகள் நெஞ்சைப் பிசைந்தன.

"மோசம் தான் சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு காப்பியை வாங்கினார்.