பாறைப்பல்லியின் சாட்சியம்

என் மனைவியின் தங்கையை அம்பூரியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ரப்பர் தோட்டம், ஓட்டு வீடு, வாசலில் நல்ல பலாமரம். இத்தனை வருடத்தில் நான் அங்கே போனதில்லை. வாதம், வயிறு, பஸ்ஸில் வாந்தி என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லிவிடுவேன். உண்மைக் காரணம் ஒரு பாறைப்பல்லி.

எல்லைப் போராட்ட வருடங்கள். கேரளத்துப் பக்கம் கிடந்த எங்கள் ஊரும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனோம். கடைசி வரிசையில் நின்று, கோஷத்தின் கடைசிச் சொல்லை மட்டும் சொன்னதோடு என் வீரம் தீர்ந்தது. தெற்கே துப்பாக்கிச் சூடு என்று செய்தி வந்த பிறகு அந்த ஒரு சொல்லையும் விட்டுவிட்டேன். போலீஸ் வீடுவீடாக வந்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போயிற்று. அக்காவின் புருஷன், அதாவது என் அத்தான், ஊர்வலத்தில் கொடி பிடித்தவர். மதியச் சோற்றில் கைவைத்தபோது ஜீப் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் எச்சில் கையோடு எங்கள் ஊரான ஆரியங்கோட்டுக்கு மேலே இருந்த பாறைக்கு ஓடினோம்.

அங்கே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு உண்டு. படுத்துத்தான் நுழைய முடியும். மூக்குக்கு ஒரு முழம் மேலே கல். அதில் தலைகீழாக ஒரு பல்லி. வீட்டுச் சுவரில் ஓடுகிற சாது அல்ல. உள்ளங்கையைவிட நீளம், பாறையின் அதே நிறம், முதுகில் கரும்பட்டைகள், கத்தியால் கீறியது போன்ற நெடுக்கு விழி. பக்கத்தில் கல்லோடு ஒட்டிய இரண்டு வெள்ளை முட்டைகள். வெயிலும் மழையும் எட்டாத இடமாகப் பார்த்து அது குடியிருந்தது. எல்லை மீறி வந்தவர்கள் நாங்கள்தான்.

பல்லி தலையில் விழுந்தால் மரணம் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும். பஞ்சாங்கத்தைக் கிண்டல் செய்து கட்டுரையே எழுதியவன் நான். மல்லாந்து கிடந்தபடி, நெற்றி தலையில் சேர்த்தியா முகத்தில் சேர்த்தியா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் காதோரம் முணுமுணுத்தார். "எலே, அவனுவ கையில சிக்கினா எலும்பு மிஞ்சாதாக்கும்."

டக் டக் டக் என்றது பல்லி.

பேசும்போது பல்லி சொன்னால் பேசியது சத்தியம். விரலால் தட்டி அதை ஒத்துக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தான் பழக்கத்தில் பாறையைத் தட்டிவிட்டார். எதை ஒத்துக்கொண்டோம் என்பது பிறகுதான் உறைத்தது. அவர் தட்டிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அப்போது பூட்ஸ் சத்தம். இரண்டு போலீஸ்காரர்கள் எங்களுக்கு நேர் கீழே ஒரு மரத்தடியில் வந்து நின்றார்கள். பீடிப்புகை இடுக்குக்குள் ஏறியது. தும்மலை அடக்க மூக்கைப் பொத்தினேன். கையில் மதியச் சோற்றின் எரிசேரிக் கறி மணத்தது. மேலே ஏறிப் பார்த்துவிடலாம் என்றார் இளையவர். லத்தி கல்லில் படும் சத்தம் நெருங்கி வந்தது. மூத்தவருக்கு ஏற மனமில்லை; நாங்கள் அம்பூரிக்குப் போயிருப்போம் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டார்.

"வேண்டடோ. அவன்மாரு அம்பூரிக்குப் போயிக்காணும்."

டக் டக் டக்.

லத்தி நின்றது. கீழே யாரோ மரத்தில் விரலால் தட்டுவது கேட்டது.

"கேட்டோ? பல்லி சிலச்சு. சத்யம்," என்றார் மூத்தவர்.

எந்தப் பக்கம் சேரும் என்று முடிவாகாத தாலுகாவில் அந்த வழக்கம் மட்டும் இரண்டு பாஷைக்கும் ஒன்று. பூட்ஸ் சத்தம் அம்பூரிப் பாதையில் தேய்ந்து போனது. நான் நகரப் பார்த்தேன். அத்தான் என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"கிட மக்கா. அது ரெண்டும் சொல்லியிருக்கு. நாம அம்பூரியில உண்டு. எலும்பும் மிஞ்சாது."

"நாம இங்கயில்லா கிடக்கோம், அத்தான்?"

"இப்ப இங்க. நாளைக்கு அங்க போனா?"

பொழுது சாயும்வரை கிடந்தோம். பல்லி மெதுவாகப் புறப்பட்டு, என் நெற்றிக்கு நேர் மேலே நடந்து, பூச்சி பிடிக்க வெளியே போயிற்றாம். அத்தான் சொன்னார். நான் கண்ணை இறுக்கி மூடியிருந்தேன்.

பிறகு எல்லை போட்டார்கள். எங்கள் ஊர் கேரளத்திலேயே நின்றது. போலீஸும் எங்களை மறந்தது. அத்தான் தன் வீட்டுக் கட்டிலில்தான் காலமானார், எலும்பெல்லாம் பத்திரமாக. கடைசிவரை அவரும் அம்பூரிக்குப் போனதில்லை.

அடுத்த மாதம் அம்பூரியில் மைத்துனி வீட்டில் கல்யாணம். எத்தனை மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும் என்று மனைவி கேட்கிறாள். எனக்கு இன்று காலையிலிருந்து கால் முட்டு வலிக்கிறது.