கூடத்தின் குறுக்குச் சுவர்

வலங்கைமான் வீட்டுக் கூடத்தின் குறுக்குச் சுவரில் கொத்தனார் சம்மட்டியால் முதல் அடி அடித்தார். இதே சத்தத்தை ஒன்பது வயதில் கேட்டிருக்கிறேன்.

அப்போது இந்தச் சுவர் கிடையாது. துபாயிலிருந்து லீவில் வந்த அப்பா, ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்ட ஆட்களைக் கூட்டிவந்தார். ஊரிலேயே இருந்து வயலைப் பார்த்துக்கொண்ட சித்தப்பா மறித்து நின்றார்.

“என்னைக் கேக்காம ஒரு செங்கல்லத் தொடக் கூடாது.”

“உன்னை எதுக்குடா கேக்கணும்?” என்ற அப்பா, ஒரு ஆளிடமிருந்து சம்மட்டியைப் பிடுங்கி, சித்தப்பாவின் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் அடித்தார். காரை தெறித்தது. சித்தப்பா மண்வெட்டியை எடுத்து வீசியதில் அப்பாவின் காது கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். மண்வெட்டியோடு மறுபடி ஓங்கிய கையை நான் பாய்ந்து கடித்தேன். தினமும் என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் விடுகிற சித்தப்பா, யாரென்றே பார்க்காமல் உதறினார். தூணில் போய் மோதினேன். தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

கும்பகோணம் ஆஸ்பத்திரியில் டாக்டர், “எப்படி அடிபட்டுது?” என்றார்.

“கீழ விழுந்துட்டா” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அடுத்த வாரமே வீட்டை இரண்டாக்கி இந்தச் சுவர் எழுந்தது.

இப்போது இருவருமே இல்லை. சித்தப்பா மகனும் நானும் பேசித்தான் ஆட்களை வரவழைத்தோம்.

“தூசி பறக்குது, வெளிய போய் இருங்கக்கா” என்றார் கொத்தனார்.

“இருக்கட்டும். நீங்க அடிங்க” என்றேன்.