சின்னத் தீ, பெரிய தீ

குளிர் தேசத்தில் என் மகள் வீட்டுத் தரைக்குக் கீழே ஓர் அறை. அதில் ஒரு கேஸ் உலை. வீடு முழுவதையும் அதுதான் சூடாக வைக்கிறது. வீடு குளிர்ந்துவிட்டது என்று சுவரிலுள்ள சின்னப் பெட்டி சொன்னதும், புகையை வெளியே தள்ளும் விசிறி முதலில் சுழலுமாம். பிறகு ஒரு வில்லை மின்சாரத்தில் பழுத்துச் சிவக்க, அதில் கேஸ் பற்றும். அது சின்னத் தீ. உள்ளே இரும்பு காய்ந்த பிறகுதான் பெரிய விசிறி சூட்டுக்காற்றை அறைகளுக்கு அனுப்பும். அந்தச் சூடு போதாவிட்டால் மட்டுமே பெரிய தீ. தீ அணைந்தும் மிச்சச் சூடு வீணாகாதபடி விசிறி கொஞ்ச நேரம் ஓடும். மகள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன். எனக்கு அத்தையின் ஞாபகம் வந்ததை அவளிடம் சொல்லவில்லை.

உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டிலேயே நெல் அவிப்போம். அதற்கும் இரண்டு தீ. முதல் நாள் அண்டாவில் நெல்லைக் கொட்டித் தண்ணீர் விட்டு, உமியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி எரிப்பது சின்னத் தீ. தண்ணீர் கை பொறுக்காத சூடு வந்ததும் தீயை இழுத்துவிட்டு ஊறவிட வேண்டும். மறுநாள் அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் மட்டும் தண்ணீர் விட்டுப் பனைமட்டையால் பெரிய தீ. ஆவியில் நெல் வாய் பிளக்கும்.

அப்பாவின் அக்கா அப்போது எங்களோடு இருந்தாள். வேலையில் பொறுமை இல்லை, அடுப்பில் வைத்ததெல்லாம் தீய்ந்து போகிறது என்று மாமியார் வீட்டில் அனுப்பிவிட்டிருந்தார்கள். இங்கே அடுப்படி அவள் ராஜ்ஜியம். உப்புச் சாடியைக்கூட வேறு யாரும் நகர்த்த முடியாது. அறுவடை முடிந்ததும், வெள்ளிக்கிழமை வந்து அழைத்துப் போகிறோம் என்று அவர்கள் சொல்லி அனுப்பினார்கள். புது அரிசியில் விருந்து வைக்க வேண்டும் என்றார் அப்பா. நெல் அவிக்க, அப்பாவின் தம்பி மனைவியான சித்தி உட்கார்ந்தாள். மாகறலிலிருந்து கல்யாணமாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

வானம் மூட்டமாக இருந்தது. அத்தை வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள்.

"இன்னாடி, கோழிக்கு எறைக்கிற மாதிரி உமி போட்டுக்கினு கீற? மழை வந்தா எங்க காய வெப்ப?"

"ஊறட்டும் அண்ணி. நெல்லு எழுந்து ஓடியா பூடும்?"

சித்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். அத்தை மறுநாளைக்கு வைத்திருந்த பனைமட்டைகளை ஒரு கட்டாக அடுப்பில் சொருகிவிட்டு மறுபடி வானத்தைப் பார்க்கப் போனாள். பக்கத்தில் புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தவள் நான் மட்டுமே.

சித்தி திரும்பியபோது அண்டா தளதளவென்று கொதித்தது. கிளறினால் அடியிலிருந்து சோறாகக் குழைந்து வந்தது. மேல் நெல் கல்லாகவே இருந்தது.

"இன்னாடி பண்ணி வெச்சிகீற!" என்று அம்மா தலையில் கை வைத்தாள். அத்தை வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"நான்தான்க்கா. மட்டையைச் சொருகிட்டுப் பூட்டேன்" என்றாள் சித்தி.

அப்பா தம்பி மனைவியோடு நேராகப் பேசமாட்டார். அதனால் அண்டாவைத் திட்டினார்: "மாகறல்ல நெல்லுலயே கஞ்சி காய்ச்சுவாங்க போல கீது!"

"இல்லப்பா, அத்தைதான்..." என்று ஆரம்பித்தேன். சித்தி என் தொடையைக் கிள்ளினாள்.

விருந்து பக்கத்து வீட்டு அரிசியில் நடந்தது. கொல்லையில் கொட்டியிருந்த நெல்லைக் கோழிகள் கிளறுவதை அத்தையின் மாமியார் பார்த்துவிட்டார்.

"யாரு அவிச்சது இது?"

அத்தை கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நான்தான் பெரிம்மா" என்றாள் சித்தி. "எங்க அண்ணிகிட்ட வுட்டிருந்தா இப்டி ஆயிருக்குமா?"

மாமியார் அத்தையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.

வண்டி ஏறும் முன் அத்தை சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். என் தொடை இன்னும் கன்றியிருந்தது. அத்தைக்குப் பயந்துதான் சித்தி பொய் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி தெருமுனை திரும்பியதும் சித்தி உள்ளே போனாள். உப்புச் சாடியை எடுத்துத் தன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி அடுப்பு மூட்டினாள். அத்தனை திட்டு வாங்கியவளுக்கு எங்கிருந்து பாட்டு வருகிறது என்று எனக்கு அன்று விளங்கவில்லை.