ஏழரை மணிக்கு மறையாத சூரியன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ரமலான் மாதத்தில், கோலாலம்பூரில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் என் ஒன்பது வயது மகள் ஊரில் முதல் நோன்பு பிடித்திருந்தாள்.

"பயணத்துல நோன்பை விடலாம்னு அனுமதி இருக்கே, அப்புறமா பிடிச்சுக்கயேன்" என்றார் கணவர் போனில். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை பட்டினி கிடக்கும்போது நான் சாப்பிட்டுக்கொண்டு வருவதா?

"நாலு மணிக்கு ஏறினா நாலு மணி நேரந்தாங்க. ஏழரைக்கு பிளேன்லேயே திறந்துடுவேன்" என்று வாயடித்தேன். அங்கே அக்கா வீட்டில் தினமும் ஏழரைக்குத்தான் நோன்பு திறந்தோம்.

பக்கத்து சீட்டில் உப்பிலியபுரத்துக்காரத் தம்பி ஒருவர். இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார். எலுமிச்சை சாதப் பொட்டலத்தை எடுத்தவர், நான் நோன்பு என்றதும் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"நீங்க சாப்பிடுங்க தம்பி."

"இருக்கட்டும்க்கா. ஏழரைக்குத்தானே? சேந்தே சாப்பிடுவோம்."

வெயில் கூசியதால் ஜன்னலை மூடிவிட்டுக் கண்ணயர்ந்தேன். ஏழரைக்குச் செல்போனில் அலாரம் அடித்தது. பேரீச்சம்பழம் உதடு வரை போய்விட்டது.

"அக்கா, ஒரு நிமிஷம்" என்றார் தம்பி தயங்கித் தயங்கி. "முன் சீட்டு ஜன்னல்ல வெயில் அடிக்குதே, பரவாயில்லையா?"

படாரென்று ஜன்னலைத் திறந்தேன். அடப்பாவி சூரியனே! உச்சி வெயில் மாதிரி முகத்தில் அறைந்தது. மறைவதாவது! நாங்கள் மேற்கே பறக்கப் பறக்க, அதுவும் எங்களுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. "திருச்சியில இப்ப அஞ்சு மணிதான்க்கா" என்றார் அவர். இரண்டரை மணி நேர வித்தியாசம் எனக்கும் தெரியும். ஆனால் நோன்புக் கணக்கில் அதைச் சேர்க்க மறந்திருந்தேன். சூரியன் மறையாமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. இன்னும் ஒன்றரை மணி நேரம்!

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீங்களாவது சாப்பிடுங்க, என் வாய்க்கொழுப்புக்கு நீங்க ஏன் பட்டினி கிடக்கணும்?" என்று அவர்மேலேயே எரிந்து விழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டே பொட்டலத்தைப் பைக்குள் வைத்துவிட்டார். "சொன்னது சொன்னதுதான்க்கா."

ஐந்தரைக்குத் திருச்சியில் இறங்கினோம். சூரியன் ரன்வேயில் எங்களை வரவேற்றது. இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடித்து தம்பியோடு வெளியே வந்தால், நோன்புக் கஞ்சிப் பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கணவர் பக்கத்தில் என் மகள் நிற்கிறாள். உதடு காய்ந்து கிடந்தது.

"அம்மா, பிளேன்லேயே திறந்துட்டியா?"

"இல்லடி தங்கம். இன்னும் இல்ல."

அந்த முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்ததும் என் பசியெல்லாம் பறந்துவிட்டது. ஒருவழியாகச் சூரியன் மறைந்து, கணவரின் போனில் தொழுகைக்கான பாங்கு ஒலித்தது. நாலு பேரும் டிராலியைச் சுற்றி நின்று கஞ்சி குடித்தோம். தம்பி பொட்டலத்தைப் பிரித்து, என் மகளுக்குத்தான் முதல் கை சாதம் கொடுத்தார்.

"யாரும்மா இவங்க?"

"என்கூட நோன்பு பிடிச்சவங்க."

பேரீச்சம்பழம் உதடு வரை போனதை மகளிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. ஆனால் அவள் ஒவ்வொரு வருடமும் அந்த முதல் நோன்பைப் பெருமையாகச் சொல்லும்போது, என் நோன்பைக் காப்பாற்றிக் கொடுத்த அந்தப் பசித்த மனிதருக்காக மனசுக்குள் இறைவனிடம் ஒரு துஆ செய்துகொள்கிறேன்.